சீட்டுக்கட்டும் பேழையும்
திருகோணமலைத் துறைமுகத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கோணேசர் கோயிலையும் கோட்டையையும் கடற்போர்களையுமே விரித்துரைத்துள்ளனர். இவை விரித்துரைக்கப்பட வேண்டியனவே. ஆயினும் ஒரு துறைமுகத்தின் வழியே படைகளும் பீரங்கிகளும் மட்டும் வந்திறங்குவதில்லை. சொற்கள் வருகின்றன; உணவு வகைகள் வருகின்றன; பொழுதுபோக்குகளும் வருகின்றன. சீட்டாட்டம் அவ்வாறு கடல்வழி வந்து இலங்கைத் தமிழரிடையே வேரூன்றிய ஒரு பொழுதுபோக்காகும். ஆட்டம் நிலைபெற்றது, அதன் சொற்களும் நிலைபெற்றன. ஆனால் ஐரோப்பியரின் மாளிகைகளிலும் இந்திய அரசவைகளிலும் சீட்டுக்கட்டுக்கு உறையுளாக விளங்கிய அழகிய பேழை மட்டும் எமது வீடுகளிற் குடிபுகவில்லை. கருங்காலியும் முதிரையும் செறிந்த காடுகளைத் தன் பின்புறத்தே கொண்ட இத்துறைமுகப் பட்டினத்தில் அத்தகைய பேழைத்தொழில் எழாமற்போனது ஏன்? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொற்களை நோக்குதல் தகும். ஈழத்துப் பேச்சுவழக்கிற் சீட்டு விளையாடுவதைக் 'கடதாசி விளையாடுதல்' என்பர். எழுதும் தாளுக்கும் விளையாடும் சீட்டுக்கும் இங்கே ஒரே சொல் வழங்குகின்றது. அச்சொல் போர்த்துக்கேய மொழிவழி வந்ததென்பது அகராதிகள் தரும் செய்தி. போர்த்துக்கேய மொழியிலும் 'கார்த்தா' என்பது கடிதத்தையும் விளையாட்டுச் சீட்டையும் ஒருங்கே குறிப்பதாகும். வெட்டுச் சீட்டுக்கு வழங்கும் 'துரும்பு' என்பதும் இத்தகையதே. அது போர்த்துக்கேயரின் 'துரும்ஃபோ' என்பதன் திரிபு. தமிழில் ஏற்கெனவே துரும்பு என ஒரு சொல் உண்டு; அது யாருக்கும் வேண்டாத சிறு வைக்கோற் கீற்றைக் குறிப்பது. ஆட்டத்தில் எல்லாவற்றையும் வெல்லுஞ் சீட்டுக்கு எல்லாவற்றினும் இழிந்த பொருளின் பெயரே ஒலியொப்புமையால் வந்து பொருந்தியமை சுவையான ஒன்று. இனி, இஸ்கோப்பன், கலாவரை ஆகிய சாதிப் பெயர்கள் ஒல்லாந்தர் வழி வந்தவை. ஒல்லாந்த மொழியில் 'ஸ்கொப்' என்பது மண்வாரியையும் 'கிளாவர்' என்பது மும்மடல் இலைப் பூண்டையும் குறிக்கும். சிங்களத்திலும் இஸ்கோப்ப, கலாபர, ரூயித, ஹார்த என நான்கும் ஒல்லாந்தச் சொற்களாகவே இன்றும் வழங்குகின்றன.

இச்சொல்லடுக்குத் திருகோணமலையின் ஆட்சியடுக்கோடு ஒத்துச் செல்வது கவனிக்கத்தக்கது. 1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டு ஒன்றினுள்ளேயே அது ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியருக்கும், பிரித்தானியரிடமிருந்து சுப்ரென் தலைமையிலான பிரெஞ்சுக் கடற்படைக்கும் கைமாறியது. பின்னர் ஒல்லாந்தரிடம் மீண்டு, 1795இல் மறுபடியும் பிரித்தானியர் வசமாகியது. இத்தனை கொடிகள் ஏறி இறங்கிய ஓரிடத்திற் காவற்படையினரின் சீட்டுக்கட்டுகளும் பலவாறு வந்துசென்றிருக்கும் என்பதிற் கருத்துவேறுபாட்டுக்கு இடமில்லை.

ஆட்டத்தின் பெயர்கள் இருக்க, ஆட்டமே தன் பிறப்பை ஓரளவு காட்டுகின்றது. எம்மவர் விரும்பியாடும் முன்னூற்றுநாலு என்னும் ஆட்டத்தில் ஜாக் 30 புள்ளி, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2 எனக் கொள்ளப்படும். எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளியில்லை. ஒரு சாதிக்கு 76. நான்கு சாதிக்கும் கூட்டினால் 304. ராசாவையும் ஆசையும் தள்ளிவிட்டு ஜாக்கும் ஒன்பதும் மேலேறி நிற்கும் இம்முறை ஒல்லாந்திலும் சுவிற்சர்லாந்திலும் ஆடப்படும் யாஸ் குடும்பத்து ஆட்டங்களிற் காணப்படுகின்றது. அங்கு துரும்புச் சாதிக்கு மட்டுமுரிய அச்சிறப்பு எமது ஆட்டத்தில் எல்லாச் சாதிக்கும் பொதுவாகிவிட்டது. கேரளத்தின் இருபத்தெட்டும் இதே கிளையைச் சேர்ந்தது. ஒல்லாந்தக் கப்பலோட்டிகள் வழியே இவ்வாட்டம் இந்துமாக்கடற் கரைகளிற் பரவியிருக்கலாம் என ஆய்வாளர் கருதுவர்.

இனிப் பேழைக்கு வருவோம். சீட்டுக்குப் பேழை எப்பொழுது இன்றியமையாததாகின்றது? இவ்வினாவிற்குத் தெளிவான விடை இந்தியாவின் கஞ்சிபாச் சீட்டுகளிற் கிடைக்கின்றது. முகலாயப் பேரரசர் பாபர் 1527இல் சிந்து நாட்டிலிருந்த ஷா ஹசனுக்குக் கஞ்சிபாச் சீட்டுகளை அனுப்பியதைத் தம் நினைவுக்குறிப்பிற் பதிந்துள்ளார். அக்பர் கால ஆட்டத்தை அபுல் பசல் விவரித்துள்ளார். கஞ்சிபாச் சீட்டு வட்டமானது, கையால் வரையப்பெறுவது. அரசருக்குத் தந்தத்திலும் ஆமையோட்டிலும், பிறருக்குத் துணியையும் தாளையும் ஒட்டிப் புளியங்கொட்டைப் பசையும் சுண்ணமும் பூசி அரக்கேற்றியும் செய்யப்பட்டது. முகலாயக் கஞ்சிபாவில் எட்டுச் சாதிகள், சாதிக்குப் பன்னிரண்டாக 96 சீட்டுகள். தசாவதாரக் கஞ்சிபாவிற் பத்துச் சாதிகள், 120 சீட்டுகள். மைசூரை ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் புதிய ஆட்டங்கள் பலவற்றை வகுத்து, ஸ்ரீதத்வநிதி என்னும் பெருநூலின் கௌதுகநிதிப் பகுதியில் அவற்றைப் பதியச் செய்தார்.

இவ்வாறு வரையப்பட்ட கட்டில் ஒரு சீட்டுத் தொலைந்தால் ஓவியனைத் தேடிப் போகவேண்டும். புதிதாக வரைந்த சீட்டின் முதுகு ஏனையவற்றின் முதுகோடு ஒத்திராதாயின் ஆட்டமே கெடும். ஆகவே மரப்பேழை அங்கு அலங்காரத்துக்காக ஏற்பட்டதன்று. கட்டு முழுமையாக இருத்தற்கு அதுவே காவல். சாவந்தவாடியிலும் ஒடிசாவிலும் இப்பேழைகளுக்குப் பெரும்பாலும் தவாளிப்பில் இழுத்து மூடும் மூடி அமைந்திருக்கும். வட்டச் சீட்டுகள் நிரைநிரையாக அடுக்கப்பட, பேழை நீள்சதுரமாக இருக்கும். அதன் பக்கங்களிலும் மூடியிலும் சீட்டை வரைந்த ஓவியனே அதே வண்ணங்களாற் பூங்கொடிகளையும் தெய்வ உருவங்களையும் தீட்டுவான். ஓவியன் ஒருவனே ஆதலாற் பேழையும் சீட்டும் ஒரே கலைப்பொருளின் இரு கூறுகளாயின. அரசவைக்குரிய தர்பார் வகை, கடைத்தெருவிற்குரிய பஜார் வகை என இருதரம் இருந்தபோதும் பேழையின்றி விற்கப்படுவது அரிது.

ஐரோப்பாவின் அச்சுச் சீட்டோ வேறு கதை. அது மலிவானது, தாளுறையிற் சுற்றி விற்கப்பட்டது. இங்கிலாந்தில் 1711இல் ஒரு கட்டுக்கு ஆறு பென்சு தீர்வை விதிக்கப்பட்டது. பிற்காலத்தில் இஸ்கோப்பன் ஆசை முத்திரை அலுவலகமே அச்சிட்டு வழங்கித் தீர்வை செலுத்தப்பட்டமைக்கு அதனையே சான்றாக்கியது. அந்த ஆசைப் போலியாக அச்சிட்ட குற்றத்திற்காக ரிச்சர்ட் ஹார்டிங் என்பவர் 1805இல் தூக்கிலிடப்பட்டார். ஒரு சீட்டுக்காக ஓர் உயிர்! 1862இல் தீர்வை மூன்று பென்சாகக் குறைக்கப்பட்டபோது அதன் அடையாளம் சீட்டிலிருந்து தாளுறைக்கு மாறியது. 1960இலேயே அத்தீர்வை முற்றாக நீக்கப்பட்டது. வெளிநாட்டுக்கு அனுப்பப்படுங் கட்டுகளுக்கு இத்தீர்வை இல்லை. அவற்றின் ஆசில் ஏற்றுமதிக்குரியது என்ற வாசகம் பொறிக்கப்பட்டது. எனவே குடியேற்ற நாடுகளின் துறைகளிற் சீட்டுக்கட்டு இங்கிலாந்திலும் மலிவாகக் கிடைத்தற்கு வழியிருந்தது. மலிவான பொருளுக்குப் பேழை எதற்கு?

செல்வருக்கே அது வேண்டப்பட்டது. அங்கும் பேழையின் உள்ளமைப்பை உற்றுநோக்கினால் அது சீட்டைக் காப்பதிலும் ஆட்டத்தை ஒழுங்குசெய்வதற்கே மிகுதியாகப் பயன்பட்டமை தெரியவரும். பதினெட்டாம் நூற்றாண்டின் குவாட்ரில் ஆட்டத்துக்குரிய பேழையினுள் நான்கு சிறு தட்டங்கள் இருக்கும். ஆடுவோர் நால்வருக்கும் ஒவ்வொன்று. அவற்றிற் பந்தயச் சில்லுகள் வைக்கப்படும். சீனத்துக் கன்டன் நகரில் முத்துச்சிப்பியாற் செய்யப்பட்ட மீன் வடிவச் சில்லுகள் இதன்பொருட்டு ஆயிரக்கணக்கில் மேற்கே சென்றன. விஸ்ட், பிரிட்ஜ் ஆட்டங்களில் இரு கட்டுகளை மாறி மாறிப் பயன்படுத்துவர். ஆகவே அவற்றின் பேழைக்கு இரு அறைகள். கிரிபேஜ் ஆட்டத்துக்கு மூடியின் மேல் வரிசையாகத் துளைகளும், புள்ளி ஏற ஏறத் துளைக்குத் துளை மாற்றிச் செருகும் சிறு ஆப்புகளும் வேண்டும். சீட்டுகள் மறைந்துபோன வெற்றுப் பேழையைக் கையில் எடுத்தாலும் அதன் உரிமையாளர் எதனை ஆடினார், எத்தனை பேரோடு ஆடினார், பணம் வைத்து ஆடினாரா என்பனவற்றைக் கூறிவிடலாம்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. அருங்காட்சியகப் பட்டியல்களிலும் ஏல விற்பனை விவரங்களிலும் சீட்டுக்கூடு எனக் குறிக்கப்படும் தந்தப் பொருள்களுட் பல விளையாட்டுச் சீட்டுக்கு உரியன அல்ல. விக்டோரியா காலத்து மாந்தர் பிறர் இல்லஞ் செல்லுமிடத்துத் தம் பெயர்ச்சீட்டை விட்டுவருதல் மரபு. அதற்கான மெல்லிய கூடுகளே அவை. விளையாட்டுச் சீட்டு ஏறத்தாழ மூன்றரை அங்குல நீளமும் இரண்டரை அங்குல அகலமும் உடையது. அக்கூட்டின் தடிப்பு ஐம்பத்திரண்டு சீட்டை ஏற்குமா என்பதை அளந்து பார்த்த பின்னரே முடிவுகூறவேண்டும். பெயரை நம்பி எழுதப்பட்ட கலை வரலாறு இத்துறையிற் குறைவன்று.

திருகோணமலையிற் சீட்டாடியோர் யாவர்? சோழமண்டலக் கரையில் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திற் கப்பல்களுக்குப் பாதுகாப்பான துறை ஒன்றேனும் இல்லை. ஐப்பசி தொடங்கித் தைவரை சென்னைக் கடலில் நங்கூரமிடுதல் ஆபத்தானது. அவ்வேளையில் ஒதுங்கி நிற்றற்கு ஏற்ற ஆழ்கடற் குடா திருகோணமலை ஒன்றே. இதுவே வல்லரசுகள் இவ்விடத்துக்காகப் போரிட்டமையின் மூலகாரணமாகும். எனவே இங்கு மாதக்கணக்கிற் கப்பலோடு தங்கியோர் படைவீரரும் மாலுமிகளுமே. காற்று மாறும்வரை காத்திருப்பதே அவர்களின் தொழிலாயிற்று எனலாம். காத்திருப்பிற்கு ஏற்ற துணை சீட்டைவிட வேறென்ன?

ஆனால் மாலுமிக்குத் தனியறை இல்லை. பிரித்தானியக் கடற்படையில் அவனுக்கென இருந்த உடைமை வெள்ளை மரத்தாலான ஒரு சிறு பெட்டி. 'டிட்டிப் பெட்டி' என அதனை அழைத்தனர். மணலிட்டுத் தேய்த்து வெளுக்கப்பட்ட அப்பெட்டியினுள்ளே வீட்டிலிருந்து வந்த கடிதம், ஊசி நூல், மனைவியின் படம், புகையிலை, இவற்றோடு சீட்டுக்கட்டும் அடங்கின. கப்பலிற் பணம் வைத்து ஆடுதல் விதிகளாற் தடுக்கப்பட்டிருந்தமையின் அலங்காரப் பேழையில் வைத்து அதனைப் பறைசாற்றும் நிலையில் அவன் இருக்கவில்லை. அதிகாரிகளின் கதை வேறு. கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தளபதியாக இருந்து 1852இல் பர்மாவில் உயிர்நீத்த சார்ள்ஸ் ஓஸ்ரின் திருகோணமலையிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் புகழ்பெற்ற நாவலாசிரியை ஜேன் ஓஸ்ரினின் தம்பி. அவ்வம்மையாரின் நாவல்களில் விஸ்ட்டும் குவாட்ரிலும் ஓயாது ஆடப்படுகின்றன. 1814இல் வெளிவந்த 'மேன்ஸ்பீல்ட் பார்க்'கில் கடற்படை இளைஞன் ஒருவனும் சீட்டு மேசையருகே அமர்ந்திருக்கின்றான். அத்தகைய குடும்பங்களிலிருந்து வந்த அதிகாரிகள் சீட்டு மேசையின் பழக்கத்தையும் உடன்கொண்டே கீழைத்தேயம் வந்தனர்.

அவர்கள் விரும்பிய பேழைகள் இரண்டிடங்களிற் செய்யப்பட்டன. ஒன்று விசாகப்பட்டினம். சந்தனமரத்தின் மேல் தந்தத் தகடு போர்த்து, அதிற் கோடுகளைச் செதுக்கிக் கருநிற அரக்கை நிரப்பும் அந்நகரத்துக் கம்மாளரின் கைவினை உலகறிந்தது. சீட்டுப்பேழை, கிரிபேஜ் பலகை, தையற்பெட்டி எனக் கும்பினி அதிகாரிகள் கேட்டவற்றை எல்லாம் அவர்கள் ஆக்கி அளித்தனர். மற்றையது எமது தீவின் தென்கோடியிலுள்ள காலி. காலியின் முட்பெட்டி தனிச்சிறப்புடையது. கருங்காலிச் சட்டத்தினுள்ளே முள்ளம்பன்றியின் முட்களை அருகருகே நெருக்கி அடுக்கி, சட்டத்தின் மேல் வெண்ணிற எலும்பாலோ தந்தத்தாலோ புள்ளிகளைப் பதிப்பர். முள்ளின் இயற்கையான கருமையும் வெண்மையும் மாறி மாறி வந்து பெட்டி முழுவதும் வரிக்கோலமாகத் தோன்றும். உள்மூடியில் இலங்கையின் பலவகை மரத்துண்டுகளை இழைத்துக் காட்டுவதும், யானை உருவம் பதிப்பதும் வழக்கம். சீட்டு, அணிகலன், தையற்பொருள் என எதனை வைத்தற்கும் ஏற்பப் பல அளவுகளில் இவை செய்யப்பட்டன.

காலியில் இத்தொழில் செழித்தமைக்குக் காரணம் மரமன்று, பயணிகளே. 1840கள் தொடக்கம் ஐரோப்பாவுக்கும் கல்கத்தாவுக்கும் சீனத்துக்கும் பின்னர் அவுஸ்திரேலியாவுக்கும் சென்ற நீராவிக் கப்பல்கள் காலியிலேயே நிலக்கரி ஏற்றின. நிலக்கரி ஏறும்வரை பயணிகள் கரையிறங்கினர். அவர்களை எதிர்கொள்ள முஸ்லிம் வணிகர் பெட்டிகளோடும் மணிக்கற்களோடும் காத்திருந்தனர். பயணி ஒரே நாளிற் பார்த்து, பேரம்பேசி, வாங்கிச் செல்லக்கூடியதாகப் பொருள் அமையவேண்டும். பயண மூட்டையில் அடங்கவும்வேண்டும். சிறு பெட்டி அதற்கு ஏற்றது. 1875இல் கொழும்பு அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பட்டு 1885இல் அது நிறைவெய்தியது. கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. காலி தன் பயணிகளை இழந்தது. வணிகரிற் பலர் கொழும்புக்குப் பெயர்ந்தனர். ஒல்லாந்தர் காலந்தொட்டுக் காலியில் வளர்ந்திருந்த தளபாடத் தச்சுமரபும் இதற்கு உறுதுணையாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் தச்சன் இருந்தால் மட்டும் போதாது, வாங்குவோன் வரவேண்டும்.

திருகோணமலைக்கு அவன் வரவில்லை. உலகின் மிகச்சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எனப் போற்றப்பட்ட இத்துறை, கடற்படையின் தேவைக்காக ஒதுக்கப்பட்டதாகவே இருந்தது. தீவைச் சுற்றிவந்த சிறு நீராவிக் கப்பல்கள் தொட்டுச்சென்றன. தூரதேசப் பயணிகளின் பாதை இதனூடாக அமையவில்லை. புகையிரதப் பாதை 1927இலேதான் வந்துசேர்ந்தது. கடற்படைத்தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது 1957இல். ஆயுதக் கிடங்குக்கும் கப்பல் திருத்தும் பட்டறைக்கும் வேண்டிய கூலியாட்களையும் தச்சரையும் கடற்படை வேலைக்கமர்த்தியது. ஆனால் அவர்களின் உளி அரசாங்க வேலையையே செய்தது.

மரத்தின் கதை இதனினும் வருந்தத்தக்கது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராகப் பணிபுரிந்த எமர்சன் ரெனன்ற், 1859இல் வெளியிட்ட தமது நூலில் மட்டக்களப்பு, திருகோணமலைக் காடுகள் முதிரையாற் செறிந்திருந்தமையையும், திருகோணமலைக்கு மேற்கேயுள்ள சமவெளியிற் கருங்காலி பெருகியிருந்தமையையும் குறித்துள்ளார். உலர்வலயக் காடே இவ்விரு மரங்களுக்கும் தாயகம். கருங்காலி காட்டில் வெட்டப்பட்டு, வெண்ணிறப் புறமரம் செதுக்கி நீக்கப்பட்டு, கரிய வைரம் மட்டும் கடற்கரைக்கு இழுத்துவரப்பட்டுக் கப்பலேறியது. பெட்டியாகவும் பியானோக் கட்டையாகவும் அது வேறெங்கோ உருப்பெற்றது. திருகோணமலைக் கோட்டையில் இருந்த ஓர் அதிகாரியின் மேசைமீது காலிப் பெட்டி ஒன்று இருந்திருப்பின், அதன் சட்டம் அவரது சாளரத்திலிருந்து தெரிந்த காட்டிலேயே வளர்ந்ததாக இருத்தல் கூடும். வளம் நிறைந்த துறைமுகம் தன் அயலவர்க்குத் தொழில் தந்ததா என்பதை அளப்பதற்குப் பீரங்கிகளின் தொகையைவிட இத்தகைய சிறுபொருள்களே பொருத்தமான அளவுகோல் என்பது எமது துணிபு. இன்றும் கலைப்பொருட் சந்தையிற் காலிப் பெட்டி என்றும் விசாகப்பட்டினத்துப் பெட்டி என்றும் பேசுகின்றனர். திருகோணமலைப் பெட்டி என்று ஒன்றைப் பற்றிப் பேச்சில்லை.

இவ்வாறு கூறுவதனால் எமது மக்களிடம் பெட்டிமரபே இல்லையெனக் கொள்ளலாகாது. வெற்றிலை பாக்குக்கும் காசுக்கும் பனையோலையால் இழைத்த கொட்டைப்பெட்டி இருந்தது. உறுதிகளுக்கும் பட்டுக்கும் நகைக்கும் மரப்பெட்டகம் இருந்தது. மதிப்புடைய பொருளுக்கே பெட்டி செய்தனர். சீட்டை மதிப்புடைய பொருளாக வீட்டுப் பெரியோர் கருதியதில்லை. சூதின் பெயரை அது சுமந்து நின்றது. நளனும் தருமனும் நாடிழந்த கதையைக் கேட்டு வளர்ந்த சமுதாயத்திற் சீட்டுக்கட்டைக் கொலுவில் வைப்பார் யார்? அது கூரையின் வளைக்கும் ஓலைக்கும் இடையே செருகப்பட்டது. சுருட்டுப் பெட்டியில் அல்லது பிஸ்கற் தகரத்தில் மறைந்திருந்தது.

அத்தகரங்களுங்கூட இன்று அருகிவிட்டன. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்திலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் திருகோணமலை மாவட்டத்துக் குடும்பங்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. இடம்பெயர்வோர் உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்துச் செல்வர். தகரப்பெட்டியை எடுத்துச் செல்லார். கோயிற் கல்வெட்டைப் படியெடுப்பதற்குக் காட்டும் ஊக்கத்தில் ஒரு சிறுபங்கையேனும் வீட்டுப் புழங்குபொருள்களை அளந்து, படம்பிடித்து, உரியவர் கூற்றோடு பதிவதற்கு எமது பல்கலைக்கழக மாணவர் காட்டல் வேண்டும். விடுமுறையில் ஊர்செல்லும் ஒவ்வொருவரும் தத்தம் கிராமத்தில் இதனைத் தொடங்கலாம்; இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

இன்னுமொரு காரணத்தையும் கூறியாகல் வேண்டும். எமது ஆட்டத்தின் அமைப்பே பேழையை வேண்டாததாக இருந்தது. முன்னூற்றுநாலுக்கும் சிங்கள மக்கள் ஆடும் ஓமிக்கும் ஏழு முதல் ஆஸ் வரையான 32 சீட்டுகளே போதும். இரண்டு முதல் ஆறு வரையான 20 சீட்டுகள் எஞ்சும். குவாட்ரிலுக்கு நான்கு தட்டங்களும் கன்டன் நகரத்து மீன்களும் தேவைப்பட்டன. கிரிபேஜுக்குத் துளையிட்ட பலகை தேவைப்பட்டது. இங்கோ எஞ்சிய இருபதையும் கட்சிக்குப் பத்தாகப் பகிர்ந்து வெற்றிதோல்வியை எண்ணும் அடையாளங்களாக வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. செத்தவீட்டு முற்றத்திற் பந்தலின் கீழ்ப் பாய்விரித்து இரவு முழுவதும் விழித்திருந்து ஆடுவோர் முன்னே தோற்ற கட்சியின் இரண்டும் மூன்றும் ஒவ்வொன்றாக எதிர்ப்பக்கம் நகரும். விடியற்பொழுதிற் பறை முழங்கும்போது அந்த இருபதும் முப்பத்திரண்டோடு சேர்ந்து ஓர் இறப்பர் வளையத்துள் அடங்கிவிடும்.